படிக்கட்டில் ஒரு சத்தப்பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

மாலை டீ குடித்துவிட்டு நூலகத்துக்குள் திரும்பப் பதினோரு கால்களைத் தாண்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது கால் கைப்பிடிச் சுவரின் மேல் கிடந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தெருவிளக்கு எரியும்வரை எழுந்திருப்பதில்லை. நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே வருகிறார்கள், கழிப்பறைக்கு வருகிறார்கள், போனைச் சார்ஜில் போட வருகிறார்கள், போட்டதை எடுக்க மறுபடி வருகிறார்கள். புத்தக அலமாரி இருக்கும் பக்கம் மட்டும் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அவர்களுக்குத் தலைவி ஒருத்தி இருக்கிறாள். உச்சியில் இழுத்துக் கட்டிய முடி. நான் வைத்த பெயர் குதிரைவால்.

"ஆன்ட்டி, பாத்து வாங்க. தடுக்கிடப் போவுது."

"மேடம்னு சொல்லு."

"சரிங்க ஆன்ட்டி."

ஜூன் 5, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு! வாசல் நிலைக்கு மேலே போன வருடம் ஒரு கருவி பொருத்தினார்கள். உள்ளே நுழைகிற தலைகளை எண்ணும் கண். சின்னக் கிளைகளிலேயே நம் கிளைக்குத்தான் அதிகத் தலைகளாம். அதிகாரியே போனில் கூப்பிட்டார். "எப்படிம்மா சாதிச்சீங்க?" என்றார். எல்லாம் அந்த அலமாரிதான் சார் என்றேன். 'இந்த வாரம் படிக்க' என்று நானே எழுதி ஒட்டி, நானே தேர்ந்தெடுத்து அடுக்குகிற அலமாரி. மூன்று வருட உழைப்பு. என்றைக்காவது உலகம் கவனிக்கும் என்று தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் யாரோ கம்பத்தில் மோதிவிட்டார்களாம். அந்தக் கதையைச் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

காலையில் பேப்பர் படிக்க வரும் நாலு பெரியவர்களை நான் பேப்பர் கட்சி என்பேன். கட்சித் தலைவர் சைலன்ஸ் சார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். யாராவது இருமினால்கூட "சைலன்ஸ்!" என்பார். அவர் மட்டும் செய்திகளை வாய்விட்டுப் படிப்பார்.

இன்று அவர் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய மருமகன் தன் கடை வாசலில் மாட்டியிருக்கிறாராம். அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு சத்தம் வருமாம். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்குமாம். வயதாக ஆக, காதில் மேல் சுரம்தான் முதலில் போகுமாம்.

"படிக்கட்டுல அஞ்சு நிமிஷம் உக்கார முடியாதும்மா. அடிக்க வேணாம், திட்ட வேணாம். அதுங்களே ஓடிடும்."

போட்டுப் பார்த்தோம். பேப்பர் கட்சி, நான், காவலாளி, எல்லாரும் பெட்டியைச் சுற்றித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. வேலை செய்கிறதா, செத்துக் கிடக்கிறதா? இந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லும் வயது ஒருவருக்கும் இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். வீட்டில்தான் பதினாறு வயதில் ஒன்று இருக்கிறதே.

முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் போன மாதத்திலிருந்து தலைக்கு மை அடிக்கிறார்.

"இந்தச் சத்தம் சின்ன வயசுக்காரங்களுக்கு மட்டும்தான் கேக்குமாம். உங்களுக்குக் கேக்குதா?"

கண்ணை மூடிக்கொண்டார். "லேசா கேக்குதுடி. கொசு மாதிரி."

பிளக் என் கையில் இருந்தது. இன்னும் சொருகவே இல்லை. தூக்கிக் காட்டினேன். எழுந்து போய் டிவி போட்டுக்கொண்டார்.

அப்புறம் சொருகினேன். அடேயப்பா! தட்டினால் திறக்காத, சாப்பிடக் கூப்பிட்டால் திறக்காத, விருந்தாளி வந்தால் தாழ்ப்பாளும் சேர்ந்து விழுகிற அந்தக் கதவு படாரென்று திறந்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன கருமம் அது? நிறுத்தும்மா!"

அவள் முகத்தை முழுசாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பொட்டு மாதிரி மூக்கில் ஒரு பரு.

ஜூன் 10, செவ்வாய்

மகளைப் பெட்டியை வைத்து எழுப்பினேன். பதினாறு வருடத்தில் இன்றைக்குத்தான் தொண்டை வலிக்காமல் எழுப்பியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

காவலாளி ஏணியில் ஏறிப் படிக்கட்டுக்கு மேலே மாட்டினார். சாயங்காலம் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், முகம் சுளித்தார்கள். ஒருவன் தன் காதில்தான் கோளாறு என்று விரலை விட்டுக் குடைந்தான். குதிரைவால் எழுந்து நின்று மேலே தேடினாள். பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று பதிலோடு தயாராக இருந்தேன். ஆன்ட்டி என்றுகூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே மற்றவர்களும்.

சைலன்ஸ் சார் எனக்குக் கை கொடுத்தார்.

ஜூன் 12, வியாழன்

படிக்கட்டு காலி. வேலை எதுவும் இல்லாமலே இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

மகளுக்குத் தெரிந்துவிட்டது. குதிரைவால் அவள் வகுப்பாம். எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் எனக்கு யார் என்ன சொல்கிறார்கள்?

"எலிக்கு வைக்கிற மாதிரி எங்களுக்கு வெச்சிருக்கியாம்மா?"

"உனக்கு இல்லடி. அந்தப் பசங்களுக்கு."

"அந்தப் பசங்களுக்கு என்ன வயசு? எனக்கு என்ன வயசு?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தியாயிற்று. (சைலன்ஸ் சாரின் மருமகனிடம் சொல்லி இன்னொரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். தினமும் அதில்தான் எழுப்புகிறேன். இதில் என்ன இருக்கிறது, அலாரம் மாதிரிதானே. அப்படித்தானே?)

ஜூலை 3, வியாழன்

அதிகாரி போன் செய்தார். இந்த முறை பாராட்டு இல்லை.

"என்னம்மா ஆச்சு உங்க கிளைக்கு? ஆளே வரலைன்னு காட்டுதே."

போன மாதம் தலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்திருக்கிறதாம். சின்னக் கிளைகள் இரண்டை மூடிப் பெரிய நூலகத்தோடு இணைக்கப் போகிறார்களாம். ஆகஸ்டு முடியக் கணக்கைப் பார்த்து முடிவாம். என்னையும் இணைத்துவிடுவார்களாம். எங்கே? அடித்தளத்தில், கிழிந்த புத்தகம் ஒட்டும் பிரிவில். அங்கே ஜன்னல்கூடக் கிடையாது.

கருவி கெட்டுப்போயிருக்கும் சார் என்றேன். ஆள் அனுப்பினார். வந்தவன் கதவு வழியாக நாலு தடவை போய் வந்து, கருவி சரியாக இருக்கிறது மேடம் என்றான். மேடம் என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேப்பர் கட்சி போய்விட்டது. ஒரு அம்மா சமையல் புத்தகம் மாற்ற வந்தாள். அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயடி காய்ந்து கிடந்தது. கழிப்பறைச் சாவி ஆணியில் தொங்கியது. சார்ஜ் போடுகிற இடத்தில் வயர் இல்லை, சண்டை இல்லை.

அப்போதுதான் உறைத்தது.

அய்யோ. தண்ணி குடிக்க ஒரு தடவை, பாத்ரூமுக்கு ஒரு தடவை, சார்ஜ் போட ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை— என் அலமாரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஒரு வருஷமா அந்தக் கண்ணு எண்ணினது அந்தப் பசங்களோட தாகத்தையும் மூத்திரத்தையும்தான்! அதுக்கு நான் பாராட்டு வாங்கி— வீட்டுல வேற பெருமையடிச்சு—

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவள் கதை கேட்டிருக்கிறேன். அவள் இந்தத் தெருவில்தான் வேலை பார்க்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

திருட்டு வேலை ஒன்று செய்தோம். யோசனை சைலன்ஸ் சாருடையது என்பதைப் பதிவு செய்கிறேன். பேப்பர் கட்சியும் காவலாளியும் முன்வாசல் வழியாக உள்ளே வந்து, பின்வாசல் வழியாக வெளியே போய், சந்து வழியாகச் சுற்றி மறுபடி முன்வாசலுக்கு வருவது. காலை முழுக்கச் சுற்றினார்கள். சைலன்ஸ் சார் கைத்தடியோடு முன்னால் போனார், அணிவகுப்பு மாதிரி. நடுவில் ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டு அகராதி அலமாரி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காவலாளி மட்டும் விசில் அடித்துக்கொண்டே சுற்றினார். அவருக்கு அது வேலையைவிடப் பிடித்திருந்தது.

ஜூலை 9, புதன்

அதிகாரி போன். "நேத்து காலைல பத்துலேர்ந்து பன்னெண்டுக்குள்ள மட்டும் கூட்டம் அலைமோதியிருக்கு. அப்புறம் ஈ, காக்கா இல்ல. என்ன விசேஷம்?"

கருவி மணிவாரியாக எண்ணுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புத்தகப் பேச்சு நடத்தினோம் சார் என்றேன். தலைப்பு என்ன என்றார். உடல்நலம் என்றேன்.

போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன்.

ஜூலை 12, சனி

பெட்டி அணைந்து மூன்று நாளாயிற்று. ஒரு காலும் வரவில்லை. அணைத்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே ஸ்விட்சைப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஜூலை 14, திங்கள்

தேடிப் போனேன். மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்கின் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய்க் கறை, உடைந்த கண்ணாடி, குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத இடம். பக்கத்தில் லாரிகள் திரும்புகின்றன.

வழியெல்லாம் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வாசிப்பு, எதிர்காலம், இளைய தலைமுறை என்று வரும். முதல் வரி சொல்வதற்குள் குதிரைவால் கேட்டாள்:

"கதவுக்கு மேல ஒரு கண்ணு இருக்கே, அதுக்குத்தான கூப்பிடுறீங்க? எங்கள எண்ணத்தான?"

தெரிந்திருக்கிறது. தினமும் நுழையும்போது அதற்குக் கையாட்டிவிட்டுத்தான் போவார்களாம்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாயில் வந்தது உண்மைதான்.

"ஆமா. எண்ணத்தான். நீங்க வரலைன்னா கிளைய மூடிடுவாங்க. என்னை ஜன்னல் இல்லாத ரூம்ல போட்டு ஒட்டுற வேலை குடுப்பாங்க."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெயில்தான் காரணம் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"படிக்க வாங்கன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சோம்" என்றாள் குதிரைவால். "அப்படி ஏதாவது சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டோம்."

அவர்கள் போட்ட நிபந்தனைகள்: பெட்டி அவர்கள் கைக்கு வர வேண்டும். மாட்டச் சொன்ன சார் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். மூன்றாவதுதான் கசந்தது.

ஜூலை 15, செவ்வாய்

சைலன்ஸ் சார் மாட்டேன் என்கிறார்.

"முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியார் வேலை பாத்தவன்மா நான். ஒரு பையன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல."

"சரி சார். கிளை மூடினதும் பேப்பர் எங்க படிப்பீங்க? வீட்லயா?"

வீட்டில் மருமகள் அவரை வாய்விட்டுப் படிக்க விடுவதில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எட்டுப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், நான் கழற்றிக் கொடுத்த பெட்டி குதிரைவாலின் கையில். அவர் எதிரில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "சைலன்ஸ்!" என்றார்.

யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பழக்கம், பாவம்.

அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் கேக்காத சத்தம். அதனால உங்களுக்கு எவ்ளோ வலிக்கும்னு யோசிக்கல. தப்புதான்பா. மன்னிச்சுக்குங்க."

அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பசங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழிவாங்கத் தயாராக வந்தவர்கள். பழி கைக்கு வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"பரவால்ல சார்" என்றாள் குதிரைவால். "உக்காருங்க. கால் வலிக்கப் போவுது."

உட்கார்ந்தார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இரண்டு பேர் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் தாகம் எடுத்தது. உள்ளே போனார்கள். ஒவ்வொருவராக மேலே பார்த்துக் கையாட்டினார்கள். சைலன்ஸ் சாரும் ஆட்டினார்.

ஜூலை 22, செவ்வாய்

ஊரில் உள்ளவர்களை எல்லாம் மன்னிப்புக் கேட்க அனுப்புகிறேன். என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றால் தட்டாமலே திரும்பிவிடுகிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மகள் பேசி ஒரு மாதம் ஆகிறது. ம், உம், சரி. இந்த மூன்று சொல்லில் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்காரர் நடுவில் தூது போகிறார். "அம்மா உப்பு கேக்குறா" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறார்.

ஜூலை 24, வியாழன்

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மூடின கதவைப் பார்த்தே சொன்னேன்.

"உன்னை அந்தப் பெட்டிய வெச்சு எழுப்பினது தப்பு. இன்னைக்கு அதைக் குப்பையில போட்டுட்டேன்."

காலடிச் சத்தம் கதவுவரை வந்தது.

"என்னை எழுப்பினது மட்டுந்தானா தப்பு?"

"இல்ல. அவங்களுக்கு வெச்சதும்தான். உனக்கு வலிக்கும்னு தெரிஞ்ச அப்புறம்தான் அவங்களுக்கு மாட்டினேன். அதான் ரொம்பத் தப்பு."

இதை இதுவரை எனக்கு நானே சொன்னதில்லை. கதவிடம் சொன்னேன்.

"சரி" என்றது கதவு. இது பழைய சரி இல்லை, வேறு சரி. "இனிமே எப்படி எழுப்புவ?"

"கத்தித்தான்."

"ம். அதுவே தேவல."

ஆகஸ்டு 7, வியாழன்

சத்தம் தாங்கவில்லை. படிக்கட்டில் எட்டுப் பேர் பதினைந்தாகிவிட்டார்கள். ஒருத்தன் என் 'இந்த வாரம் படிக்க' அலமாரியின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தான். திட்டினேன். "சாரி ஆன்ட்டி" என்று எடுத்தான். எடுக்கும்போது கீழே இருந்த புத்தகத்தைத் தூக்கி அட்டையைப் பார்த்தான். நான் பதிவேட்டைத் திறந்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆசை யாரை விட்டது.

ஆகஸ்டு 19, செவ்வாய்

சைலன்ஸ் சார் இப்போது சாயங்காலமும் வருகிறார். படியில் அவருக்கு ஒரு பழைய மெத்தை போட்டிருக்கிறார்கள். விளையாட்டுச் செய்தியை வாய்விட்டுப் படிக்கிறார். நடுவில் பேசினால் "சைலன்ஸ்!" என்கிறார், உடனே எல்லாரும் சேர்ந்து "சைலன்ஸ்!" என்று கத்துகிறார்கள். தெருக்கோடிவரை கேட்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அதிகாரி நேரில் வந்தார்.

கருவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நம் கிளையை மூடப்போவதில்லையாம். இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாமாம். அடுத்த வருடம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"ரெண்டே மாசத்துல எப்படிம்மா திருப்பினீங்க?"

"வாசிப்பு ஆர்வத்த வளர்த்தோம் சார்."

அதே நேரம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், தொடர்ந்து சாவிக்காக இரண்டு பேர் போடும் சண்டை. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பினார். நான் சமையல் புத்தகப் பிரிவைக் காட்ட அழைத்துப்போனேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். படிக்கட்டில் கால்கள். எண்ணுவதை விட்டுவிட்டேன். தாண்டுகிறபோது ஒரு செருப்பு எங்கோ பார்த்தது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், குதிரைவாலுக்குப் பக்கத்தில் என் மகள். சைலன்ஸ் சாரின் மெத்தையில் பாதியைப் பிடித்துக்கொண்டு.

மூன்று வருடமாகக் கூப்பிட்டும் இந்தத் தெருப்பக்கம் வராதவள். எதையாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குதிரைவாலின் மடியில் அந்தப் பெட்டி இருந்தது. அதை என் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான், மொத்தப் பேரும் காதைப் பொத்திக்கொண்டு நெளிந்தார்கள். ஒருத்தன் படியிலேயே உருண்டான். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏய், நிறுத்துங்க!" என்றேன். "எனக்கே காது குடையுது."

நெளிவது நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"உனக்குக் கேக்குதாம்மா?"

"லேசா" என்றேன். "கொசு மாதிரி."

மகள் கையைத் தூக்கினாள். பிளக் அவள் கையில் இருந்தது. சொருகவே இல்லை.

அவள் அப்பாவை நான் சோதித்த அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு. சைலன்ஸ் சார் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் கோபமாக இருந்து பார்த்தேன், முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்று கெஞ்சினேன். மகள் யோசிக்கிறேன் என்றாள்.

சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் தொண்டை காய்ந்துவிட்டது. உள்ளே போனார்கள். மகள் கடைசியாக எழுந்தாள்.

"தண்ணி குடிக்கத்தான்" என்றாள்.

"சரி" என்றேன்.

வாசலில் நின்று, மேலே பார்த்து, கையாட்டிவிட்டு உள்ளே போனாள்.